ஜிபிஎக்ஸ் 6000க்கு மாறலாமா?

கேள்வி, 9 மார்ச் 2025

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். கையில் இருப்பது கோல்ட் மான்ஸ்டர் 1000 என்ற மெட்டல் டிடெக்டர். வாங்கியதிலிருந்து ஆணி, தோட்டா, பாட்டில் மூடி தவிர ஒன்றும் மாட்டவில்லை. டர்பன் கடற்கரையிலும் போட்டுப் பார்த்தேன், ஈர மணலில் இறங்கியதும் கத்திக்கொண்டே இருக்கிறது. விலை கூடிய ஜிபிஎக்ஸ் 6000 டிடெக்டரை வாங்கினால் பழைய தங்கச் சுரங்க ஊரான பார்பர்ட்டன் பக்கம் போய்க் கட்டித் தங்கம் எடுக்கலாம் என்று நண்பர் உசுப்பேற்றுகிறார். ஆஸ்திரேலியாக்காரர்கள் வீடியோவில் எடுப்பதைப் பார்த்தால் எனக்கும் கை அரிக்கிறது. போட்ட பணம் திரும்புமா?

பதில், 9 மார்ச் 2025, இரவு

திரும்பாது. வாங்காதீர்கள். காரணம் நாளைக்கு.

10 மார்ச் 2025

மெஷின் கிடக்கட்டும், சட்டத்தை முதலில் முடித்துவிடலாம்.

இந்த நாட்டில் நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமம் நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. 2002ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டம், 2004 மே மாதத்திலிருந்து நடப்பில் இருப்பது, அதை மக்கள் எல்லோருக்கும் பொதுவாக்கி அரசின் பொறுப்பில் வைத்துவிட்டது. கனிமத்தைத் தேடி மண்ணைக் கிளறினாலே அது ப்ராஸ்பெக்டிங். அதற்கு உரிமம் வேண்டும். டிடெக்டரின் அடியில் இருக்கும் காயிலை (கம்பிச் சுருள் வைத்த தட்டு) ஆட்டிக்கொண்டு நடக்கும் வரை நீங்கள் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று வாதாடலாம். பீப் கேட்டு மண்வெட்டியை வைத்த நொடியில் அந்த வாதம் போய்விடும்.

சரி, யாருக்கும் தெரியாமல் எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டின் விலையுயர் உலோகச் சட்டம் அடுத்து நிற்கிறது. பதப்படுத்தாத தங்கத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உரிமம் எங்கே என்று அவர் கேட்டாக வேண்டும். கேட்காமல் வாங்குகிறவரிடம் நீங்கள் போகாமல் இருப்பது நல்லது. விற்கவும் முடியாத, அலமாரியில் வைக்கவும் முடியாத பொருளுக்காக ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் போடுவதா?

நீங்கள் பார்க்கும் வீடியோவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் சின்னக் கட்டணம் கட்டி மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு வாங்கினால், யாரும் உரிமை எடுக்காத அரசு நிலத்தில் தேடலாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். மெஷினின் விலை நியாயமா என்ற கணக்கு அந்தச் சீட்டோடு சேர்ந்த கணக்கு. நமக்கு மெஷின் மட்டும்தான் கப்பலில் வருகிறது.

11 மார்ச் 2025

"பண்ணைக்காரர் எனக்குத் தெரிந்தவர், அவர் சரி என்றால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அவருடைய கேட்டைத் திறக்கத்தான் அவருடைய சம்மதம் உதவும். கனிமம் அவருடையது இல்லை என்று நேற்றே எழுதினேன். அவருடைய மனைவியின் மோதிரம் வயலில் தொலைந்தால் தேடிக் கொடுங்கள், அது வேறு விஷயம், நல்ல விஷயமும்கூட.

16 மார்ச் 2025

வெள்ளிக்கிழமை தங்கம் அவுன்சுக்கு 3,000 டாலரைத் தொட்டுவிட்டது. எதிர்பார்த்தபடியே காலையில் இரண்டு பேர் "இப்போது கணக்கு மாறியிருக்குமே?" என்று கேட்கிறார்கள்.

போட்டுப் பார்க்கலாம். 2021இல் வந்தபோது அமெரிக்காவில் இந்த மெஷின் ஏறக்குறைய 6,000 டாலர். அந்த 3,000 டாலர் விலைக்கு அது இரண்டு அவுன்ஸ், அதாவது 62 கிராம், நம் கணக்கில் எட்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டித் தங்கம் சொக்கத் தங்கமும் இல்லை, வெள்ளி கலந்திருக்கும். அதனால் எட்டு பவுனுக்கு மேலேயே எடுத்தால்தான் மெஷின் விலையே வரும். பெட்ரோல், பார்பர்ட்டனில் தங்கும் செலவு, சுங்கம், வாட் எதையும் நான் சேர்க்கவில்லை. டிடெக்டரில் மாட்டும் கட்டிகள் பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே இருப்பவை. ஆஸ்திரேலியாவிலேயே அப்படித்தான். 1980இல் விக்டோரியாவில் 27 கிலோ கட்டி ஒன்று டிடெக்டரில் கிடைத்தது உண்மை. அதைச் சொல்லித்தான் இன்றுவரை எல்லா டிடெக்டரையும் விற்கிறார்கள்.

அந்த எட்டு பவுனை நேராக நகையாகவே வாங்கிவிடலாமே என்று என் மனைவி பின்னால் நின்று படித்துவிட்டுச் சொல்கிறாள். பதில் இல்லை.

23 மார்ச் 2025

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: "எங்கள் ஊரில் தங்கச் சுரங்க மண்மேடு மலைமலையாக நிற்கிறது, அதன் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால்?"

பாட்டில் மூடிதான் கிடைக்கும். 1886இல் உங்கள் ஊர் லாங்லாக்டேயில் கண்டுபிடித்த தங்கம் கட்டியாக இருந்ததே இல்லை. கூழாங்கல் இறுகிய பாறையில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிதறிக் கிடந்தது. பாறையை மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துத்தான் எடுத்தார்கள். மேட்டில் இருப்பது அதன் சக்கை. அதிலும் மிச்சத் தங்கம் உண்டு, கம்பெனிகள் திரும்ப அரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் டிடெக்டருக்கு அந்தப் பொடி இல்லாதது போலத்தான். ஒரே துண்டாக உலோகம் இருந்தால்தான் அதில் மின்சுழல் ஓடும், மெஷினுக்குக் குரல் கேட்கும். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக இறங்கிய நம் ஆட்களில் பெரும்பாலோர் கட்டித் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதுவும் அரைத்தெடுத்த தங்கம்.

பார்பர்ட்டன் கொஞ்சம் வேறு. 1884, 85இல் அங்கே கண்ணுக்குத் தெரியும் தங்கம் கிடைத்தது, ஷீபா பாறை அதில்தான் பேர் வாங்கியது. ஆனால் இன்று எடுப்பதில் பெரும்பங்கு பைரைட், ஆர்சனோபைரைட் என்ற கனிமங்களுக்கு உள்ளே ஒளிந்திருப்பது. அதை வெளியே கொண்டுவர பாக்டீரியாவை விட்டுத் தின்னவைக்கும் ஆலையை ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் வைத்தார்கள். பாக்டீரியா வேண்டியிருக்கும் இடத்தில் நம் காயில் என்ன செய்யும்?

ஆற்றுப் படிவில் உருண்டு வந்த தங்கம் என்றால் பில்கிரிம்ஸ் ரெஸ்ட். 1873இல் அங்கே கூட்டம் கூடியது உண்மையான கட்டிகளுக்காக. அடுத்த வருடம் அன்றைய டிரான்ஸ்வால் குடியரசின் அதிபர் பர்கர்ஸ் அடித்த நாணயத்துக்கு அந்தத் தங்கம்தான் போனது. இன்று ஊரே பாரம்பரியச் சின்னம். தட்டில் மண்ணை அலசிக் காட்டும் இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். டிடெக்டரை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு.

24 மார்ச் 2025

நேற்று விட்டுப்போனது: பழைய சுரங்க வாய் பக்கம் போகவே போகாதீர்கள். இந்த ஜனவரியில்தான் ஸ்டில்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து 78 உடல்களை மேலே எடுத்தார்கள். ஸாமா ஸாமா எனும் சட்டவிரோதச் சுரங்கக்காரர்களின் விவகாரம் இவ்வளவு சூடாக இருக்கும்போது, மண்வெட்டியும் ஹெட்போனுமாகத் திரிகிறவரைப் பார்த்து பொழுதுபோக்குக்காரர் என்று போலீஸ் நினைக்காது. உள்ளே வேலை செய்யும் கும்பலும் நினைக்காது.

5 ஏப்ரல் 2025

இத்தனை நேரம் வேண்டாம் என்று சொன்னேன். இப்போது அந்த மெஷின் எவ்வளவு நல்லது என்று சொல்லப்போகிறேன்.

பெர்த்தில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது 6000ஐக் கையோடு கொண்டுவந்திருந்தான். என்னிடம் இருப்பது ஈக்வினாக்ஸ் 800. டர்பனில் பெரேயா மேட்டு மண் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: பழைய கடற்குன்று மணல், இரும்பு ஆக்சைடு ஏறிச் செக்கச்செவேல் என்று கிடக்கும். அந்த மண்ணில் மனைவியின் தோடு ஒன்று, ஒரு 22 காரட் மோதிரம், மீன் தூண்டிலின் ஈயக் குண்டு மூன்றையும் வேறு வேறு ஆழத்தில் புதைத்தோம். (தோட்டை எங்கே புதைத்தோம் என்பதில் பிறகு வந்த வாக்குவாதம் இங்கே தேவையில்லை.)

ஈக்வினாக்ஸ், உங்கள் கோல்ட் மான்ஸ்டர் எல்லாம் வி.எல்.எஃப் வகை. விடாமல் அலை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் கேட்கும். உலோகத்தின் பதிலும் மண்ணில் உள்ள இரும்பின் பதிலும் ஒரே நேரத்தில் வரும், மண் பலமாக இருந்தால் சின்னத் தங்கம் அதில் மூழ்கிவிடும். 6000 பல்ஸ் வகை. ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்திவிட்டு, அந்த அமைதியில் கேட்கும். உலோகத்தில் கிளம்பிய மின்சுழல் எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. சின்னத் தங்கத்தில் அது சில மைக்ரோ வினாடிகளில் தேய்ந்துபோகும். அவ்வளவு சீக்கிரம் காது திறக்க முடிவதால்தான் புது பல்ஸ் மெஷின்கள் பழையவை விட்டுப்போன பொடிக் கட்டிகளை எடுக்கின்றன.

செம்மண்ணில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஈக்வினாக்ஸ் முணுமுணுத்துக்கொண்டே தவறவிட்ட ஆழத்தில், 6000 மோதிரத்தைத் தெளிவாகச் சொன்னது. தோட்டையும் சொன்னது. 2.1 கிலோதான், கையும் வலிக்கவில்லை.

ஆனால் ஈயக் குண்டையும் அதே குரலில் சொன்னது. புதைக்காத ஆணிகளையும், முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன கம்பி வேலியின் துண்டுகளையும் சொன்னது. ஈக்வினாக்ஸ் திரையில் எண் வரும், இரும்பு என்றால் ஓரளவு நம்பித் தாண்டிப் போகலாம். பல்ஸ் மெஷினில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது, கத்தினால் தோண்ட வேண்டும். யாருமே குடியிருக்காத பாலைவனத்தில் அது பரவாயில்லை.

அப்புறம் மின்காந்த இரைச்சல். வீட்டுக் கொல்லையில் மின்கம்பி, பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர், எல்லாவற்றையும் அது கேட்கிறது. சோதனையின் நடுவில் தெருவுக்கே மின்சாரம் போனது, ஹெட்போன் சட்டென்று அடங்கியது. நகரசபையின் மின்வெட்டுக்கு நான் மனதார நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்து வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள்.

6 ஏப்ரல் 2025

"பெரிய காயில் போட்டால் இன்னும் ஆழம் போகுமே?" பெரிய பொருளுக்குப் போகும். சின்னது கண்ணில் படாது. ஆழம் என்பதே எல்லோரும் நினைப்பது போல ஏறாது: மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அதே பொருள் இரட்டிப்பு ஆழத்தில் கிடந்தால் அதன் குரல் ஏறக்குறைய 64 மடங்கு மெலிந்துவிடும். அதனால் விளம்பரத்தில் சொல்லும் கூடுதல் ஆழம் கையில் வரும்போது சில விரல்கடைதான். அந்தச் சில விரல்கடையில் தங்கம் இருக்கும் ஊரில் அதற்குக் காசு கொடுப்பார்கள்.

18 ஏப்ரல் 2025

பெரிய வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இருக்கிறேன். தீமிதிக்கு நிற்கும் கூட்டத்தில் இருந்துகொண்டு டிடெக்டர் கேள்விக்குப் பதில் எழுதுகிறாயா என்று மாமியார் பார்க்கிறார். நாளைக்கு.

20 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடவா?"

விட வேண்டாம். பக்கவாட்டில் மாறுங்கள்.

கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷின். காய்ந்த மண்ணில் அரிசி மணி அளவுத் தங்கத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே செய்தது, அந்த வேலையில் கெட்டிக்காரன். அலைவரிசை ஏற ஏற உப்புத் தண்ணீரும் உலோகம் மாதிரியே பதில் சொல்லும். ஈர மணலில் கத்துகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது மெஷின் கெட்டுப்போனதால் இல்லை. போதாததற்கு நம் கரையில் கறுப்பு மணல் வேறு. ரிச்சர்ட்ஸ் பேயில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கானும் தோண்டுகிறார்களே, அதன் உறவுக்கார மணல்தான் இங்கேயும் கோடுகோடாகக் கிடக்கிறது.

ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் மெஷின் உப்பையும் மண்ணையும் சேர்த்துக் கழித்துவிடும். ஈக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் தண்ணீர் தாங்கும், பின்னால் வந்த 900 ஐந்து மீட்டர். நோக்டா லெஜண்டும் இந்த வகைதான். பழையது கிடைத்தால் பழையதே போதும். 6000இன் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். 6000இல் காயில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டியை அலையில் முக்க முடியாது. அலை வரும் இடத்தில்தானே மோதிரம் கழன்று விழுகிறது?

இது எனக்குப் பிடித்த ஒரு விஷயத்துக்கும் வழிவிடுகிறது. கடற்கரையில் கிடப்பது ஏற்கனவே நகையாகிவிட்ட தங்கம், பதப்படுத்தாத தங்கம் பற்றிய சட்டம் அதைத் தொடாது. அதற்காக அது உங்களுடையதாகிவிடாது. தொலைத்தவர் இன்னும் உரிமையாளர்தான். உள்ளே பெயர் பொறித்திருந்தால் தேடிக் கொடுங்கள், போலீஸில் சொல்லி வையுங்கள்.

27 ஏப்ரல் 2025

தாலிக்கொடி பற்றிக் கேட்ட அக்காவுக்கு. உம்லங்கா கடலில் குளிக்கும்போது கழன்றது, யாராவது எடுத்துத் தர முடியுமா என்று எழுதியிருந்தீர்கள்.

நேராகச் சொல்கிறேன்: சங்கிலி கஷ்டம். மெஷினுக்கு முழுச் சங்கிலி தெரியாது. ஒவ்வொரு கண்ணியும் அதற்குத் தனித் துண்டு, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் மின்சாரம் சரியாக ஓடாது. அதனால் அஞ்சு பவுன் கொடிகூட ஒரு சின்னக் கண்ணியின் குரலில்தான் பேசும். உங்கள் கொடியில் நம்பிக்கை தருவது தாலியும் குண்டும்தான், அவை கெட்டியான துண்டுகள். கொக்கி பெரியதாக இருந்தால் அதுவும் உதவும். மஞ்சள் கயிற்றில் போட்டிருந்தால் தாலி மட்டும் குரல் கொடுக்கும், தேடுகிறவருக்கு அது சங்கிலியைவிட எளிது.

எந்த இடம், எந்த மணி, அலை ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா, எந்த லைஃப்கார்ட் கொடிக்கு நேரே என்று எழுதி வையுங்கள். மெஷினைவிட இந்த விவரம்தான் முக்கியம். அடுத்த வற்றுக் கடலுக்கு நானும் இன்னொருவரும் வருகிறோம்.

4 மே 2025

அக்கா கொடி கிடைக்கவில்லை. அதே இடத்தில் 9 காரட் ஆண் மோதிரம் ஒன்று வந்தது, உள்ளே எழுத்து இல்லை. இந்த ஊர் நகையில் 9 காரட் அதிகம். கலப்பு கூடக் கூட மின்சாரம் குறைவாகப் பாயும், திரையில் எண் கீழே இறங்கி அலுமினிய ஃபாயிலும் கேன் திறக்கும் வளையமும் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். நம் 22 காரட் மேலே நிற்கும். ஆகவே "குப்பை எண்ணை எல்லாம் தாண்டிப் போகலாம்" என்று யாராவது சொல்லிக்கொடுத்தால், அவர் மோதிரங்களையும் தாண்டிப் போகிறார்.

பெரிய அலை வந்து மணலை வெட்டிவிட்டுப் போனதும் அக்காவுக்காக மறுபடி போவோம். கனமான பொருள் கீழே இறங்கிக்கொண்டே போகும், மேலே உள்ள மணல் போனால்தான் நமக்கு எட்டும்.

11 மே 2025

ப்ளூ லகூன் பக்கம் காசு நிறையக் கிடைக்கிறதாமே என்று ஒருவர். கிடைக்கும். உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் நம் ஆட்கள் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வேண்டுதல் காசை நான் எடுப்பதில்லை. சட்டம் தெரிந்து சொல்லவில்லை, வீட்டுக்குள் போக முடியாது என்பதால் சொல்கிறேன். ஊரில் நகைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கம் எடுக்கும் அரிப்புக்காரர்கள்கூடக் கோயில் வாசல் மண்ணைத் தொடுவார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 மே 2025

பழைய டிரான்ஸ்வால் அதிபர் க்ரூகரின் புதையலைப் பற்றி நீண்ட செய்தி அனுப்பியவருக்கு: 1900இல் க்ரூகர் பிரிட்டோரியாவை விட்டுக் கிளம்பியது உண்மை, வழியில் தங்கம் புதைத்தது கதை. ஸ்பியோன்காப், இசான்ட்ல்வானா போன்ற போர்க்களங்களில் ஓட்டுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1999ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் அனுமதியில்லாமல் தொல்லியல் இடத்துக்கு டிடெக்டரைக் கொண்டுபோவதையே தடுக்கிறது. தோட்டா ஒன்றுக்காக வழக்கில் மாட்டாதீர்கள்.

8 ஜூன் 2025

கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 6000 வேண்டவே வேண்டாம் என்று எழுதினேன். பிரிட்டோரியாவிலிருந்து ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தான், அடுத்த வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் கால்கூர்லிக்கு வேலைக்குப் போகிறானாம். அவனுக்கு என் பதில் வேறு: வாங்கு, ஆனால் அங்கே போய் வாங்கு. பழுது பார்க்க ஆள் இருக்கும், இரண்டாம் கை மெஷின்கள் கிடைக்கும், மச்சான் மாதிரி யாராவது ஒரு நாள் இரவல் தருவார்கள். முதல் கொஞ்ச நாள் இரவலில் ஓட்டிவிட்டு, அந்த வெயிலும் ஈயும் தாங்குகிறதா பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இங்கேயே இருந்துகொண்டு, உரிமம் உள்ள கம்பெனிக்கு வேலை செய்பவராக இருந்தால் அதுவும் வேறு கதை. அவர்கள் என்னைக் கேட்டு வாங்கப்போவதில்லை.

29 ஜூன் 2025

சார்டின் மீன் வரும் நேரம். தென்கரையில் வலை இழுத்ததும் சனம் கூடையோடு தண்ணீரில் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த விரல், மீன் செதில், தள்ளுமுள்ளு. மோதிரம் கழல இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கூட்டம் கலைந்த பிறகு, வலைக்காரர்கள் போன பிறகு இறங்குங்கள். அவர்கள் வேலையில் குறுக்கே போனால் திட்டு விழும், நியாயமாகவே விழும்.

6 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் கோல்ட் மான்ஸ்டரை விற்காமல், இரண்டாம் கை ஈக்வினாக்ஸ் 800 ஒன்றும் வாங்கிவிட்டார். வாழ்த்தெல்லாம் அவர் வீட்டில் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லியிருக்க மாட்டார்கள். வேலைக்கு வருவோம்.

மெஷினில் பீச் 1 என்ற செட்டிங் காய்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும். அலைக்குள் நிற்கும்போது பீச் 2. சென்சிட்டிவிட்டியை முழுக்க ஏற்றாதீர்கள், மெஷின் அமைதியாகும் வரை இறக்குங்கள். மணலைத் தொட்டும் தொடாமலும் காயிலை மட்டமாக ஓட்டுங்கள், ஓரத்தில் தூக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காயில் மூடியைக் கழற்றி உள்ளே சேரும் கறுப்பு மணலையும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பொய்க் குரல் கொடுக்கும். ஸ்கூப் எஃகில் வாங்குங்கள், பிளாஸ்டிக் ஈர மணலில் உடையும். ஓட்டை ரொம்பப் பெரிதாக இருந்தால் தோடு கீழே விழும், ரொம்பச் சின்னதாக இருந்தால் மணல் இறங்காது. சுண்டு விரல் நுனி நுழையாத அளவு பார்த்து வாங்குங்கள்.

உம்லங்கா அக்கா, அடுத்த அமாவாசை வற்றுக்கு வருகிறோம். கொடி இருந்த இடத்தின் படத்தை மறுபடி அனுப்புங்கள், பழைய போனில் போய்விட்டது.